கேப்சூலா, பாக்கெட்டா, போத்தலா, துணிப் பையா? தோட்டப்புற வீட்டுக்கு ஒரு காப்பிக் கணக்கு

நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்கள் சிலர் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் மகன் வாங்கிக் கொடுத்த கேப்சூல் இயந்திரம் இருக்கிறது. ஒரு கோப்பைக்கான தூளை அடைத்த சிறு கூடுதான் கேப்சூல். குடித்த பிறகு மிஞ்சும் கூடுகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னொருவர் வீட்டில் எல்லோரும் காப்பி, சீனி, கிரீமர் மூன்றும் கலந்து பாக்கெட்டில் வரும் த்ரீ-இன்-ஒன் குடிக்கிறார்கள். குப்பைப் பையைக் கட்டும்போது காய்கறித் தோலைவிடப் பாக்கெட் உறைகள்தான் அதிகம் என்கிறார். மூன்றாமவர் காப்பி வடிக்கும் பழைய துணிப் பைக்குத் திரும்ப நினைக்கிறார். ஆனால் காலை ஐந்து மணிக்கு அதைக் கழுவிக்கொண்டு நிற்க யாருக்குப் பொறுமை இருக்கிறது என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பேருக்கு மேல் குடிக்கும் வீட்டில் துணிப் பைக்கு நிகர் எதுவும் இல்லை. தனியாக ஒருவர் குடிக்கும் வீட்டில் போத்தலில் வரும் கரையும் காப்பியே போதும். புதிய கேப்சூல்களைத் தோட்டப்புறப் பட்டணத்தில் நியாயப்படுத்துவது கடினம். இந்த முடிவுக்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

குப்பை எங்கே போய் முடிகிறது? எனக்கு இதுதான் முதல் அளவுகோல். திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம் (2007ஆம் ஆண்டின் 672ஆம் சட்டம்) 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களும் கோலாலம்பூர், புத்ராஜெயா கூட்டரசுப் பிரதேசங்களும் அதன்கீழ் வந்தன. பேராக் சேரவில்லை. ஆகவே கூலிமிலோ பகாவிலோ குளுவாங்கிலோ இருக்கும் வாசகருக்கு, 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைக்க வேண்டும் என்ற விதியும் மறுசுழற்சிப் பொருளுக்கென்று தனி நாளும் உண்டு. நம் பக்கத்தில் மறுசுழற்சி என்றால் பெரும்பாலும் பழைய இரும்பு, பழைய பேப்பர் வாங்கும் லாரிதான். அந்த லாரிக்காரர் எதை எடுக்கிறாரோ அதுவே மறுசுழற்சியாகும் பொருள். மற்றதெல்லாம் குப்பைமேட்டுக்குப் போகும். லாரி எட்டாத உள் தோட்டங்களில் கொல்லையில் எரிப்பதும் நடக்கிறது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்கிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

எவ்வளவு காப்பி வீணாகிறது? கண்ணுக்குத் தெரியாத குப்பை இது. கனடாவின் சிக்கூட்டிமியில் உள்ள கியூபெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் 280 மில்லிலிட்டர் காப்பிக்கான ஒரு கணக்கை வெளியிட்டார்கள். வடிகட்டி இயந்திரத்துக்கு 25 கிராம், பிரெஞ்சு பிரஸுக்கு (தூளை நீரில் ஊறவிட்டு அழுத்தி வடிக்கும் பாத்திரம்) 17 கிராம், கேப்சூலுக்கு 14 கிராம், கரையும் காப்பிக்கு 12 கிராம் கொட்டை தேவைப்படுவதாக வைத்துக்கொண்டு ஒப்பிட்டார்கள். சுற்றுச்சூழல் சுமையில் பெரும் பங்கு காப்பியை விளைவிப்பதிலேயே இருப்பதால், நிறையத் தூள் பிடிக்கும் வடிகட்டி இயந்திரம்தான் கடைசி இடத்துக்குப் போனது. கேப்சூல் கம்பெனிகளுக்கு இனிக்கும் முடிவு. ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு: ஒரு பானை கலக்கிப் பாதியைத் தொட்டியில் ஊற்றும் வீடு, பாக்கெட் வீட்டைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

கோப்பைக்கு என்ன செலவு? தூளின் விலை மட்டும் போதாது. இயந்திரம், மின்சாரம், டின் பால் எல்லாம் சேர வேண்டும்.

கழுவுவது யார்? சுற்றுச்சூழல் பேசும் கட்டுரைகள் தாண்டிப்போகும் கேள்வி இது. குப்பையைக் குறைக்கிறேன் என்று குடும்பத் தலைவர் அறிவிப்பார். பையைக் கழுவிக் காயப்போடும் வேலை அம்மா தலையில் விழும். அப்படி நடக்கிற மாற்றம் ஒரு மாதம் தாண்டாது.

சுவையை அளவுகோலில் சேர்க்கவில்லை. அது அவரவர் நாக்கு.

கணக்கு ஒரே மாதிரி இருக்க, ஒரு நாளைக்கு ஆறு கோப்பை குடிக்கும் வீட்டை எடுத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 2,190 கோப்பை. விலைகள் தோராயமானவை, கடைக்குக் கடை மாறும்.

## த்ரீ-இன்-ஒன் பாக்கெட்

ஆண்டுக்கு 2,190 உறை. அவற்றைச் சுமந்து வந்த பெரிய பைகள் தனி. உறையின் உட்புறம் பளபளப்பதைப் பார்த்து அலுமினியம் என்று நினைத்துவிடக்கூடாது. பிளாஸ்டிக்கையும் மெல்லிய உலோகப் பூச்சையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த தாள் அது. அடுக்குகளைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது என்பதால் எந்த மறுசுழற்சிக்காரரும் தொடமாட்டார். 672ஆம் சட்டம் நடப்பில் உள்ள மாநிலத்திலும் இதன் கதி குப்பைமேடுதான்.

விலையைப் பார்த்தால் சாதாரண வகை எண்பது சென் பக்கம், ஈப்போ வெள்ளைக் காப்பி வகை ஒரு வெள்ளிக்கு மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 வெள்ளி. அந்தப் பணத்துக்கு எதை வாங்குகிறோம் என்று உறையின் பின்பக்கத்தைப் படித்தால் தெரியும்: பெரும்பாலானவற்றில் சீனியும் கிரீமரும்தான் முதலில் வருகின்றன, காப்பி அவற்றுக்குப் பின்னால். ரப்பர் வருவதற்கு முன்பே மலாயாவில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1890களில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்தது, பூச்சியும் சேர்ந்துகொண்டது, துரைமார் காப்பியை அழித்துவிட்டு ரப்பர் நட்டார்கள். பிறகு ரப்பரும் போய்ச் செம்பனை வந்தது. இன்று அந்தச் செம்பனைதான் கிரீமராக மாறிக் காப்பி என்ற பெயரில் நம் கோப்பைக்குத் திரும்புகிறது. நீரிழிவு உள்ளவர் வீட்டில் இதற்கு வேறொரு கணக்கும் உண்டு. எல்லாம் கலந்தே வருவதால் சீனியை நாமாகக் குறைக்க வழியில்லை.

இருந்தாலும் இதற்கு ஓர் இடம் உண்டு. ஒரு கோப்பைக்கு ஒரு பாக்கெட் என்பதால் காப்பித் தூள் ஒரு துளிகூட வீணாவதில்லை. பால் வாங்கி வைக்க வேண்டாம், குளிர்ப்பெட்டி வேண்டாம். செம்பனைத் தோப்புக்குள் வேலைக்குப் போகிறவர் கையில் பிளாஸ்க்கும் இரண்டு பாக்கெட்டும் கொண்டுபோவதை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டு அலமாரியில் தினப்படிப் பானமாக அது உட்கார்ந்திருப்பதுதான் பிரச்சினை.

## கேப்சூல்

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 2016இல் அரசுப் பணத்தில் கேப்சூல் காப்பி வாங்கக்கூடாது என்று தடை போட்டது. அவர்கள் சொன்ன காரணம் எளிது: ஆறு கிராம் காப்பிக்கு மூன்று கிராம் உறை.

கேப்சூல் எல்லாம் ஒரே பொருளால் ஆனதல்ல. நெஸ்பிரஸோ வகை அலுமினியம். டோல்சே கஸ்டோ வகை இங்கே பெரும்பாலும் பிளாஸ்டிக். நெஸ்பிரஸோ நிறுவனம் தன் கூடுகளைப் பெரு நகரங்களில் உள்ள தன் கடைகளில் திரும்பப் பெறுகிறது. சுங்கை சிப்புட்டில் குடித்த காப்பியின் கூடு அதுவரை எப்படிப் போகும்? பழைய இரும்பு லாரிக்காரரிடம் கொடுக்கலாமே என்று தோன்றும். வெற்றுக் கூடு ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும், அதுவும் ஒவ்வொன்றையும் கிழித்துக் கழுவினால்தான்.

கிழித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை தெரியும். மூடியிலுள்ள தகடு விளிம்போடு ஒட்டிக்கொண்டு இழுக்க வராது. கத்தி முனையால் குத்தித் திறந்தால் ஈரச் சக்கை கெட்டியாக அப்பிக்கொண்டிருக்கும். தட்டினால் பாதி விழும். மீதியைச் சிறுகரண்டியால் சுரண்ட வேண்டும். நகக்கண் கறுத்துவிடும். நாளைக்கு ஆறு கூட்டுக்கு இதைச் செய்கிற வீட்டை நான் பார்த்ததில்லை. செய்யாமல் ஒரு பையில் சேர்த்து வைத்தால் நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் மறுநாளே புளித்த வாடையும் எறும்பும், நான்காம் நாள் பூஞ்சணமும் வரும்.

மட்கும் கேப்சூல் என்று விற்பவற்றின் மேல் எச்சரிக்கையோடு இருங்கள். அவற்றில் பெரும்பாலானவை 60 டிகிரி சூட்டை ஒட்டி இயங்கும் தொழில்முறை மட்குக் கூடத்துக்காகச் செய்யப்பட்டவை. கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தால் அடுத்த ஆண்டு மண்வெட்டியில் அப்படியே வரும்.

செலவு: பிராண்டு கேப்சூல் இரண்டு வெள்ளியையொட்டி. ஆண்டுக்கு 4,400 வெள்ளி பக்கம் நிற்கிறது. நாம் குடிப்பது சிறு கோப்பை எஸ்பிரஸோவும் அல்ல. பெரிய மங்குக் கோப்பையில் பாலோடு குடிக்கிறவர் இரண்டு கேப்சூல் போட்டால்தான் நாக்குக்கு உறைக்கும். கணக்கு அப்போதே இரட்டிப்பாகிறது. இயந்திரம் கெட்டால் பழுது பார்க்க ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மாற்று உதிரி கிடைக்காமல் போனால் அது மின்னணுக் கழிவு. பழைய இரும்பு லாரியில் ஏற்றாமல், அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டிய பொருள்.

எப்போது நியாயம்? பரிசாக வந்த இயந்திரம் சும்மா கிடக்கிறது, குடிப்பவர் ஒருவரே, நாளைக்கு ஒன்று போதும், மாதம் ஒருமுறை கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ போகிறவர் கூடுகளைக் கொண்டுசேர்க்கத் தயார் என்றால் சரி. இத்தனை நிபந்தனையும் பொருந்தினால்தான்.

## நிரப்பிப் பயன்படுத்தும் எஃகுக் கேப்சூல்

இயந்திரம் வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது நல்ல இடைவழி. துருப்பிடிக்காத எஃகில் கூடும் மூடியும் ரப்பர் வளையமும் சேர்ந்து வருகிறது. காப்பித் தூளை ஐந்தாறு கிராம் போட்டு, சிறு அமுக்கியால் மட்டமாக அமுக்கி, விளிம்பில் ஒட்டிய தூளைத் துடைத்துவிட்டு மூட வேண்டும். விளிம்பில் நான்கு துகள் இருந்தாலும் நீர் பக்கவாட்டில் கசியும். வளையம் தேய்ந்தால் மாற்ற வேண்டும். குப்பை என்று பார்த்தால் சக்கையும் தூள் வந்த பொட்டலமும்தான்.

மறைந்திருக்கும் ஆபத்து தூளில் இருக்கிறது. நம் பட்டணங்களில் அரைத்து விற்கும் கறுப்புக் காப்பித் தூள், கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. பாகு படிந்த அந்தத் தூள் சூட்டில் இளகி, எஃகுக் கூட்டின் நுண்துளைகளையும் இயந்திரத்தின் உள்குழாயையும் அடைத்துக்கொள்ளும். சீனி சேர்த்து வறுத்த கொட்டையைப் பயன்படுத்தவேண்டாம் என்று காப்பி இயந்திரத் தயாரிப்பாளர்கள் கையேடுகளிலேயே எச்சரிக்கிறார்கள். ஆகவே இதற்குச் சீனி சேராத, சற்று நைசாக அரைத்த தூள் தனியாக வாங்க வேண்டும். அது நம் கடைத்தெருவில் எளிதில் கிடைக்காது, விலையும் கூடுதல்.

ஒரு கோப்பைக்கு ஒருமுறை நிரப்பிக் கழுவும் வேலையை ஆறு பேருக்குச் செய்தால் அலுத்துவிடும். ஒருவர், இருவர் உள்ள வீட்டுக்கு ஏற்றது.

## காப்பி உஞ்சாங்கும் தொங்கு பையும்

தேயிலைப் பை போலச் சிறு பையில் வரும் கறுப்புக் காப்பியான கோப்பி-ஓ உஞ்சாங்கைப் பலர் காகிதம் என்று நம்பி வாங்குகிறார்கள். சூட்டில் ஒட்டி மூடும் பைகளில் பிளாஸ்டிக் இழை கலந்திருப்பது வழக்கம். சக்கையைக் கொட்டிவிட்டுப் பையைக் குப்பையில்தான் போட வேண்டும். பைகள் மொத்தமாக ஒரே உறையில் வருகிற வகையாக இருந்தால் த்ரீ-இன்-ஒன்னைவிட மேல். ஒவ்வொன்றுக்கும் தனி உறை என்றால் ஒரு பயனும் இல்லை. கோப்பையின் விளிம்பில் மாட்டும் தொங்கு பை இன்னும் மோசம்: பை, அட்டைக் காது, வெளியே தடித்த உறை, அதற்கும் வெளியே பெட்டி. சுவைக்காக வாங்குகிறவர் வாங்கட்டும், குப்பை குறையும் என்று எண்ணி வாங்க வேண்டாம்.

## போத்தலில் வரும் கரையும் காப்பி

இதை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை, அதனாலேயே இதற்காக வாதாட விரும்புகிறேன். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் தூள். 200 கிராம் போத்தல் நூறு கோப்பைக்கு வரும். ஆறு கோப்பை வீட்டுக்கு ஆண்டுக்கு 22 போத்தல். 2,190 உறைக்கு எதிரே 22 போத்தல். கனடாக் கணக்கிலும் குறைந்த சுமை இதற்குத்தான். கோப்பைக்கு முப்பது சென் ஒட்டி வரும். பாலும் சீனியும் தனி. கழுவ வேண்டியது கரண்டி மட்டும். காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடம்) கிளம்புகிறவருக்கும், மரம் சீவப் போகிறவருக்கும் இதைவிட விரைவான குறைகுப்பைக் காப்பி கிடையாது.

குறைகளும் உண்டு. கண்ணாடிப் போத்தலைப் பழைய பொருள் வாங்குகிறவர்கள் பலர் எடுப்பதில்லை, எடை அதிகம், விலை குறைவு. ஊறுகாய்க்கும் மிளகாய்த் தூளுக்கும் சில போத்தல் பயன்படும். இருபத்து இரண்டும் பயன்படாது. பக்கத்தில் மறுசுழற்சித் தொட்டி இருந்தால் அங்கே சேர்க்கலாம். "மறுநிரப்பு" என்று விற்கும் பை மலிவு. ஆனால் அது பாக்கெட் உறையின் பெரிய அண்ணன்தான். எனினும் நூறு கோப்பைக்கு ஒரு பெரிய உறை என்பது நூறு சிற்றுறையைவிடக் குறைந்த பிளாஸ்டிக்.

மறக்கக்கூடாத இன்னொன்று டின் பால். த்ரீ-இன்-ஒன்னை விட்ட மறுநாளே அது வீட்டுக்குள் வந்துவிடும். 500 கிராம் டின் ஒன்று இருபத்தைந்து கோப்பைக்கு வரும் என்று வைத்தால், எல்லோரும் பாலோடு குடிக்கும் வீட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 88 டின். இதைக் கணக்கில் சேர்க்காமல் பேசுவது நேர்மையாகாது. ஆறுதல் என்னவென்றால் டின் இரும்புத் தகடு. கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குலுக்கி அந்த நீரையும் காப்பியிலேயே ஊற்றிவிட்டு, நசுக்கிச் சாக்கில் போட்டு வைத்தால் பழைய இரும்பு லாரி எடுத்துக்கொள்ளும்.

## துணிப் பை

காப்பிக் கடைகளில் கம்பி வளையத்தில் தொங்கும் நீளமான துணிப் பையைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். காகிதம் இல்லை, கேப்சூல் இல்லை, மின்சாரமும் இல்லை. மிஞ்சுவது சக்கையும், சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு பழைய துணியும்.

செய்முறையில் கொஞ்சம் கை வேண்டும். ஆளுக்குக் குவியலாக ஒரு மேசைக்கரண்டி, அதாவது பத்து கிராமை ஒட்டித் தூள். உயரமான பானையில் பையை இறக்கி, தளதளவென்று கொதிக்கும் நீரைத் தூளின் நடுவில் ஊற்றி, நான்கைந்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். பிறகு பையை இன்னொரு பானைக்கு மாற்றி, இறங்கிய காப்பியைத் திரும்ப அதன் வழியே ஊற்ற வேண்டும். இரண்டு முறை ஊற்றினால் நிறம் கருஞ்சிவப்பிலிருந்து கறுப்புக்கு மாறும். மூன்றாவது முறை ஊற்றினால் கசப்புதான் ஏறும்.

தூள் செலவு கோப்பைக்கு முப்பது முதல் நாற்பது சென். ஆண்டுக்கு 22 கிலோ. அரைக் கிலோ பொட்டலமாக வாங்கினால் 44 பிளாஸ்டிக் பை. வறுத்து அரைத்து எடை போட்டு விற்கும் கடை பட்டணத்தில் இருந்தால் டின்னை எடுத்துக்கொண்டு போங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வாங்கும்போது பெயர்ச்சீட்டையும் படியுங்கள். "கோப்பி சம்புரான்" என்று இருந்தால் அது கலவைக் காப்பி. சோளமும் கோதுமையும்கூடக் கலந்திருக்கலாம். 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைப்படி அதில் காப்பி பாதிக்குக் குறையாமல் இருந்தால் போதும். மலிவாக இருக்கிறதே என்று வாங்கி இரண்டு மடங்கு தூள் போட்டால் மலிவு எங்கே?

பையைப் பார்த்துக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. புதுப் பையைப் பழைய சக்கையோடு ஒருமுறை கொதிக்கவைத்துக் கஞ்சி வாடையைப் போக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். சோப்பு படவே கூடாது. அந்த வாசனை ஒரு வாரம் காப்பியில் வரும். குடித்ததும் உட்புறத்தை வெளியே திருப்பிக் குழாயடியில் அலசி, பிழிந்து, வெயிலில் போட வேண்டும். சமையலறை ஆணியில் ஈரமாக மாட்டினால் மறுநாள் காப்பி புளிக்கும். அக்டோபர், நவம்பர் மழையில் துணி காயாது. அப்போது ஒரு மூடிய டப்பாவில் நீர் ஊற்றிப் பையை மூழ்கவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடலாம். வாரம் ஒருமுறை வெந்நீரில் கொதிக்கவிடுங்கள். நீர் இறங்கத் தாமதமானால் மாற்றும் வேளை வந்துவிட்டது. கம்பி வளையத்தை வைத்துக்கொண்டு புதுப் பருத்தித் துணியைத் தைத்துக்கொள்ளலாம்.

இனி மறைந்த செலவு. ஒரு கோப்பைக்காக இந்த வேலை தகாது. மூன்று கோப்பைக்குக் குறைவாகப் போட்டால் தூள் அதிகம் பிடிக்கும், சாறும் சரியாக இறங்காது. ஒரே வீட்டில் ஒருவர் ஐந்து மணிக்கும் ஒருவர் ஏழு மணிக்கும் ஒருவர் பத்து மணிக்கும் குடித்தால், முதல் முறை போட்டதைப் பிளாஸ்க்கில் ஊற்றி வைக்க வேண்டும். அடுப்பில் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் யாரும் குடிக்காமல் தொட்டிக்குப் போகும். அந்த வீணடிப்புதான் துணிப் பையின் நல்ல பெயரைக் கெடுக்கிறது. நீரும் அளந்து வையுங்கள். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க 0.1 யூனிட் மின்சாரத்தை ஒட்டிப் பிடிக்கிறது. தினமும் கெட்டிலை நிரப்பிக் கொதிக்கவைத்து ஒரு கோப்பை மட்டும் ஊற்றிக்கொள்ளும் பழக்கம் பல வீட்டில் இருக்கிறது.

அலசிக் காயப்போடுவது மொத்தம் இரண்டு நிமிட வேலை. கடைசியாகக் குடித்தவர் அதைச் செய்வது என்று வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

## டிகாஷன் பில்டர்

பித்தளையிலோ எஃகிலோ இரண்டடுக்கு பில்டர், ஈப்போ லிட்டில் இந்தியா கடைகளில் கிடைக்கும். ஒருமுறை வாங்கினால் பேரப்பிள்ளை காலம்வரை உழைக்கும். சிக்கரி கலந்த தமிழ்நாட்டுத் தூள்தான் இதற்குப் பொருத்தம். நம் ஊர்ச் சீனி வறுவல் தூளைப் போட்டால் ஊறிப் பருத்துத் துளையை அடைத்துக்கொள்கிறது. முதல் நாள் இரவே தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டால் காலையில் டிகாஷன் தயார். பாலைச் சூடாக்கினால் போதும். நேரம் மாறி மாறிக் குடிக்கும் வீட்டுக்கு இது துணிப் பையைவிட ஏற்றது, ஏனென்றால் அவரவர் வேண்டிய அளவு டிகாஷனை ஊற்றிக்கொள்ளலாம். மிஞ்சியது குளிர்ப்பெட்டியில் மறுநாள்வரை தாங்கும். தூள் மட்டும் இந்தியாவிலிருந்து பொட்டலத்தில் வருகிறது. அதன் உறையும் அடுக்குத் தாள்தான்.

பிரெஞ்சு பிரஸ், அடுப்பில் வைத்து நீராவி அழுத்தத்தில் காப்பி இறக்கும் மோக்கா பானை இரண்டும் நல்லவையே. முன்னதற்குக் கொரகொரப்பாக அரைத்த தூள் வேண்டும், கண்ணாடி உடையும். பின்னதற்குச் சீனி சேராத தூள் வேண்டும். நம் பட்டணத்துத் தூளுக்கு ஒத்துப்போகாத பாத்திரத்தை வாங்கி அலமாரியில் வைப்பதும் ஒருவகைக் குப்பைதான்.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| முறை | ஆண்டுக்கு மிஞ்சுவது (6 கோப்பை வீடு) | கோப்பைக்கு | மறைந்த செலவு |
|---|---|---|---|
| த்ரீ-இன்-ஒன் | 2,190 உறை, எதுவும் மறுசுழற்சி ஆகாது | 80 சென் முதல் 1 வெள்ளிக்கு மேல் | குறைக்க முடியாத சீனி |
| கேப்சூல் | 2,190 கூடு, கழுவினால்தான் மறுசுழற்சி | 2 வெள்ளி ஒட்டி | இயந்திரம், பழுது, இரண்டாவது கேப்சூல் |
| எஃகுக் கேப்சூல் | சக்கை, தூள் பொட்டலம் | தூளைப் பொறுத்தது | சீனி சேராத தூள், ரப்பர் வளையம் |
| உஞ்சாங் | 2,190 சிறு பை, வெளி உறை | 50 சென் ஒட்டி | பிளாஸ்டிக் இழை |
| போத்தல் | 22 போத்தல் | 30 சென் ஒட்டி, பால் தனி | டின் பால், கண்ணாடியை எடுக்க ஆளில்லை |
| துணிப் பை | சக்கை, 44 பொட்டலம் அல்லது அதுவும் இல்லை | 30 முதல் 40 சென், பால் தனி | மீந்துபோகும் காப்பி, கழுவும் வேலை |
| டிகாஷன் பில்டர் | சக்கை, தூள் பொட்டலம் | தூளைப் பொறுத்தது | இந்தியத் தூளைத் தேட வேண்டும் |

## எந்த வீட்டுக்கு எது

மூன்று பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பசியாறுகிற வீடு என்றால் துணிப் பை, தயங்கவேண்டாம். ஆளுக்கு ஒரு நேரம் குடிக்கும் வீட்டுக்கு டிகாஷன் பில்டர். அந்தச் சுவை பிடிக்காவிட்டால் போத்தல். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கும் முதியவருக்கும் போத்தல்தான். சூடான நீர் நிறைந்த கனமான பானையை இரண்டு கையிலும் மாற்றி மாற்றி ஊற்றச் சொல்லி அவர்களுக்கு அறிவுரை கூறுவது தவறு. இயந்திரம் இருக்கிற இருவர் வீட்டுக்கு எஃகுக் கேப்சூல். இயந்திரம் இல்லாதவர் இனி வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வார நாளில் போத்தல், ஞாயிற்றுக்கிழமை துணிப் பை என்று கலந்துகொள்வதும் நடக்கிற காரியம். விருந்துக்கு இருபது பேர் வந்தால் துணிப் பைதான் கைகொடுக்கும். இருபது பாக்கெட்டைக் கிழித்துக் கலக்குவதைவிட வேகமும் அதுவே.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பாக்கெட்டுகளையும் கேப்சூல்களையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டாம். குடித்துத் தீர்த்துவிட்டு மாறுங்கள்.

## சக்கையை என்ன செய்வது

பாக்கெட்டும் போத்தலும் தவிர மற்ற எல்லா முறையிலும் ஈரச் சக்கை மிஞ்சும். குப்பைப் பையில் போட்டால் கனக்கும், நாறும். கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் போடலாம், ஆனால் குவித்துப் போடக்கூடாது: காய்ந்ததும் இறுகி, மழைநீரை உள்ளே விடாது. மெல்லத் தூவி மண்ணோடு கிளறிவிடுங்கள், அல்லது காய்ந்த இலைச் சருகோடு கலந்து மட்கவிடுங்கள். முளைவிட்டுக்கொண்டிருக்கும் கீரைப் பாத்திக்கு வேண்டாம். புதுச் சக்கை முளைப்பைத் தடுக்கும். சீனி வறுவல் தூளின் சக்கைக்கு எறும்பு வரும் என்பதால் அதைச் சுவரோரத் தொட்டிகளில் போடாமல் வீட்டிலிருந்து தள்ளியுள்ள மரத்தடியில் போடுங்கள்.